ஃப்ரீடைப் நிறுவியிருந்தும் எஃப்டி2பில்ட்.எச் இல்லை என்று கம்பைலர் சொல்வது ஏன்?

கேள்வி

வணக்கம். நான் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். சான்றிதழ்களில் மாணவர்களின் பெயரைத் தமிழில் அச்சிடுவதற்காகச் சி மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயர்ப்பட்டியலை ஓர் உரைக்கோப்பிலிருந்து வரிவரியாகப் படித்து, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் ஒவ்வொரு பெயரையும் படமாக வரைந்து, முன்பே வடிவமைத்து வைத்திருக்கும் சான்றிதழ்ப் படத்தின்மேல் உரிய இடத்தில் பதிப்பதுதான் அதன் வேலை. எழுத்துருக் கோப்பைத் திறந்து வடிவங்களை வரைய ஃப்ரீடைப் லைப்ரரியைப் பயன்படுத்துகிறேன். தமிழுக்கு அது மட்டும் போதாது என்பதும் தெரியும். 'கோ' என்பது உரைக்கோப்பில் ககரமும் அதையடுத்து ஓகாரக் குறியுமாக இருக்கும். வரையும்போதோ கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிந்து நிற்க வேண்டும். அந்த அடுக்கு வேலையை ஹார்ஃப்பஸ் லைப்ரரி பார்த்துக்கொள்ளும் என்று படித்தேன். ஆனால் அதுவரை போகவே முடியாமல் முதல் படியிலேயே நிற்கிறேன்.

இயங்குதளம் உபுண்டு 24.04, கம்பைலர் ஜிசிசி 13. நிரலின் மூன்றாவது வரியில் எஃப்டி2பில்ட்.எச் என்ற ஹெட்டர் கோப்பை (லைப்ரரியின் ஃபங்ஷன்களைக் கம்பைலருக்கு அறிமுகப்படுத்தும் கோப்பு) கோணக்குறிகளுக்குள் இட்டு இன்க்ளூட் செய்திருக்கிறேன். கம்பைல் கட்டளையின் இறுதியில் சிறிய எல் தெரிவோடு ஃப்ரீடைப் என்ற பெயரையும் சேர்த்திருக்கிறேன். கிடைக்கும் செய்தி இது:

பெயர்.சி:3:10: ஃபேட்டல் எரர்: எஃப்டி2பில்ட்.எச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி

லைப்ரரி இல்லை போலும் என்று எண்ணி லிப்ஃப்ரீடைப்6 பேக்கேஜை நிறுவச் சொன்னால், அது ஏற்கெனவே இருக்கிறது என்கிறது பேக்கேஜுகளை நிறுவும் ஏப்ட் கருவி. ஓடும் நிரல்களுக்குக் கிடைக்கும் லைப்ரரிகளைக் காட்டும் எல்டி-கான்ஃபிக் பட்டியலிலும் லிப்ஃப்ரீடைப்.எஸ்ஓ.6 தெரிகிறது. கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று கம்பைலர் ஏன் சாதிக்கிறது?

மறுமொழி 1

நீங்கள் நிறுவியிருப்பது, ஏற்கெனவே கம்பைல் செய்த நிரல்கள் ஓடுவதற்கு வேண்டிய பகுதி மட்டுமே. டெபியனிலும் அதைச் சார்ந்த உபுண்டுவிலும் ஒரு சி லைப்ரரியை இரண்டு பேக்கேஜுகளாகப் பிரித்து வைப்பது வழக்கம். ஓடுவதற்கான எஸ்ஓ கோப்பு ஒன்றில் இருக்கும். ஹெட்டர் கோப்புகளும் புதிய நிரல்களை இணைப்பதற்கு வேண்டியவையும் 'டெவ்' என்று முடியும் மற்றொன்றில் இருக்கும். உங்களுக்கு வேண்டியவை லிப்ஃப்ரீடைப்-டெவ், லிப்ஹார்ஃப்பஸ்-டெவ் ஆகிய இரண்டும். ஃபெடோராவில் இதே பேக்கேஜுகள் 'டெவெல்' என்று முடியும்.

எந்த ஹெட்டர் எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று தெரியாத நேரத்தில் ஏப்ட்-ஃபைல் என்ற கருவியை நிறுவி, அதன் பட்டியலை ஒருமுறை புதுப்பித்துவிட்டு, ஹெட்டரின் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். இன்னும் நிறுவாத பேக்கேஜுகளுக்குள்ளும் அது தேடிச் சொல்லும். டிபிகேஜி கருவியின் பெரிய எஸ் தெரிவு நிறுவிய பேக்கேஜுகளில் மட்டுமே தேடும் என்பதால், காணாமற்போன ஹெட்டரைக் கண்டுபிடிக்க அது உதவாது.

கேட்டவர்

மிக்க நன்றி. இரண்டு டெவ் பேக்கேஜுகளையும் நிறுவினேன். ஆனால் பிழைச்செய்தி ஓர் எழுத்துகூட மாறவில்லை. லிப்ஃப்ரீடைப்-டெவ் பேக்கேஜ் எங்கெங்கே என்னென்ன வைத்திருக்கிறது என்று பட்டியலிட்டுப் பார்த்தபோது, /யுஎஸ்ஆர்/இன்க்ளூட்/ஃப்ரீடைப்2/ என்ற கோப்புறைக்குள் அந்தக் கோப்பு இருப்பது தெரிந்தது. ஆகவே நிரலின் இன்க்ளூட் வரியை ஃப்ரீடைப்2/எஃப்டி2பில்ட்.எச் என்று மாற்றி எழுதினேன். இப்போது வேறொரு பிழை வருகிறது:

இன் ஃபைல் இன்க்ளூடட் ஃப்ரம் பெயர்.சி:3
ஃபேட்டல் எரர்: ஃப்ரீடைப்/கான்ஃபிக்/எஃப்டிஹெட்டர்.எச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி

இந்த எஃப்டிஹெட்டர்.எச் என்பதை என் நிரலில் எங்குமே நான் எழுதவில்லை. பேக்கேஜே பழுதாக இறங்கியிருக்குமோ?

மறுமொழி 2

பேக்கேஜில் பழுது எதுவும் இல்லை. நீங்கள் ஒரு பூட்டைத் திறந்து அடுத்த பூட்டுக்கு வந்திருக்கிறீர்கள். சாவி இரண்டுக்கும் ஒன்றுதான்.

'நோ சச் ஃபைல்' என்ற சொற்களுக்கு, அந்தக் கோப்பு வட்டில் எங்குமே இல்லை என்று பொருளில்லை. நான் தேடிப் பார்த்த இடங்களில் இல்லை என்று மட்டுமே கம்பைலர் சொல்கிறது. அது வட்டு முழுவதையும் துழாவுவதில்லை. தனக்குக் கற்பித்த சில கோப்புறைகளில் மட்டும், அவற்றின் உள்கோப்புறைகளுக்குள் இறங்காமல் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அவை எவை என்று அதனிடமே கேட்கலாம். ஜிசிசிக்கு வி, பெரிய இ ஆகிய தெரிவுகளைக் கொடுத்து, மொழி சி என்று எக்ஸ் தெரிவால் சொல்லி, உள்ளீடாக வெற்றுக் கோப்பான /டெவ்/நல் என்பதைக் கொடுங்கள். வெளிவரும் நீண்ட உரையின் நடுவே தேடல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற இரண்டு வரிகளுக்கு இடையில் அந்தப் பட்டியல் இருக்கும். உங்கள் உபுண்டுவில் முதலில் ஜிசிசி 13 இன் சொந்த இன்க்ளூட் கோப்புறையும், பிறகு /யுஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட் என்பதும், அதன்பின் /யுஎஸ்ஆர்/இன்க்ளூட் கோப்புறைக்குள் செயலி வகையின் பெயரில் இருப்பதும், கடைசியாக வெறும் /யுஎஸ்ஆர்/இன்க்ளூட் கோப்புறையும் வரிசையாகத் தெரியும். ஃப்ரீடைப்2 என்ற கோப்புறை அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் முதல் பிழைக்குக் காரணம் அவ்வளவுதான். கோணக்குறிக்குப் பதிலாக இரட்டை மேற்கோள்குறி இட்டால் முதலில் நிரல் இருக்கும் கோப்புறையைப் பார்த்துவிட்டு அதன்பின் இதே பட்டியலுக்குத்தான் வரும் என்பதால், அந்த மாற்றமும் இங்கே பயன்தராது.

இரண்டாவது பிழைக்கு வருவோம். இன்க்ளூட் வரியை நீங்கள் மாற்றியதும், பட்டியலில் உள்ள /யுஎஸ்ஆர்/இன்க்ளூட் என்பதோடு நீங்கள் எழுதிய ஃப்ரீடைப்2/ சேர்ந்து சரியான முகவரி ஆகிவிட்டது, கோப்பு திறந்தது. ஆனால் எஃப்டி2பில்ட்.எச் என்பது சில வரிகளே கொண்ட ஒரு வாசற்படி. அதற்குள் ஃப்ரீடைப்/கான்ஃபிக்/எஃப்டிஹெட்டர்.எச் என்று இன்னோர் இன்க்ளூட் வரி இருக்கிறது. அதை எழுதியவர்கள், ஃப்ரீடைப்2 கோப்புறை தேடல் பட்டியலில் இருக்கும் என்று நம்பி எழுதியிருக்கிறார்கள். உங்கள் பட்டியலில் அது இல்லாததால், கம்பைலர் /யுஎஸ்ஆர்/இன்க்ளூட்/ஃப்ரீடைப்/ என்ற இடத்தில் தேடி ஏமாந்திருக்கிறது. அந்தக் கோப்பையும் திருத்தினால் அதற்கடுத்த கோப்பில் நிற்பீர்கள். கணினியில் நிறுவிய ஹெட்டர்களைத் திருத்திக்கொண்டே போவதற்கு முடிவு கிடையாது.

எனவே 'இன் ஃபைல் இன்க்ளூடட் ஃப்ரம்' என்று தொடங்கும் வரிகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்ற சங்கிலி அதில்தான் இருக்கிறது. உங்கள் நிரலே நேரடியாகக் கேட்ட கோப்பு கிடைக்கவில்லையென்றால் பேக்கேஜ் நிறுவியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லைப்ரரியின் ஹெட்டர் ஒன்று தன் உடன்பிறப்பைக் கேட்டு அது கிடைக்கவில்லையென்றால், பேக்கேஜ் இருக்கிறது, தேடல் பாதைதான் தவறு என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். (3:10 என்பதில் 3 வரி எண், 10 என்பது அந்த வரியில் கோணக்குறி தொடங்கும் இடம். அதில் துப்பு எதுவும் இல்லை.)

தீர்வு, இன்க்ளூட் வரியைப் பழையபடி எஃப்டி2பில்ட்.எச் என்றே எழுதிவிட்டு, தேடல் பட்டியலில் ஃப்ரீடைப்2 கோப்புறையைச் சேர்ப்பதாகும். ஹைஃபனும் ஆங்கிலப் பெரிய ஐ எழுத்துமாக வரும் தெரிவுக்கு அதுதான் வேலை. முழு முகவரியையும் கையால் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் வேறு கணினிக்குப் போனால் அது மாறிவிடும். அதனால் பிகேஜி-கான்ஃபிக் கருவியிடம் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் ஒவ்வொரு டெவ் பேக்கேஜும் தன் ஹெட்டர்கள் எங்கே இருக்கின்றன, எந்தப் பெயரில் இணைக்க வேண்டும் என்பதை பிசி என்று முடியும் ஒரு சிறிய உரைக்கோப்பில் எழுதி வைக்கிறது. பிகேஜி-கான்ஃபிக் அதைப் படித்துச் சொல்லும். சி-ஃப்ளாக்ஸ் கேட்டால் கம்பைலருக்கு வேண்டிய தெரிவுகளும், லிப்ஸ் கேட்டால், கம்பைல் ஆனதை லைப்ரரியோடு இணைக்கும் லிங்கருக்கு வேண்டிய தெரிவுகளும் கிடைக்கும்.

இங்கே புதிதாக வருபவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இந்த ஒரே லைப்ரரிக்கு இடத்துக்கு ஒரு பெயர். ஏப்ட் கட்டளையில் லிப்ஃப்ரீடைப்-டெவ். பிகேஜி-கான்ஃபிக்கில் ஃப்ரீடைப்2. லிங்கரிடம் வெறும் ஃப்ரீடைப். நிரலில் எஃப்டி2பில்ட். ஃப்ரீடைப் 1 இன் ஹெட்டர்களும் 2 இன் ஹெட்டர்களும் ஒரே கணினியில் மோதாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஃப்ரீடைப்2 என்று தனிக் கோப்புறை வைத்தார்கள். 1 இன் கதை முடிந்து வெகுகாலம் ஆகியும் பெயர் அப்படியே தங்கிவிட்டது. பிகேஜி-கான்ஃபிக்கில் பெயர் தெரியாதபோது அதன் லிஸ்ட்-ஆல் தெரிவைக் கொடுத்து, கிடைக்கும் பட்டியலை கிரெப் கொண்டு வடிகட்டுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஃப்ரீடைப்2 இன் பதிப்பைக் கேட்டால் 26 என்று தொடங்கும் ஓர் எண்ணைச் சொல்லும். திகைக்க வேண்டாம். அது லைப்ரரிகளைக் கட்ட உதவும் லிப்டூல் என்ற கருவியின் கணக்கிலான எண். நாம் வழக்கமாகச் சொல்லும் 2.13 போன்ற வெளியீட்டு எண் அன்று.

மறுமொழி 3

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. /யுஎஸ்ஆர்/இன்க்ளூட்/ஃப்ரீடைப்2/ கோப்புறைக்குள் இருப்பவற்றை அப்படியே /யுஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட் கோப்புறைக்குப் பிரதி எடுத்துவிட்டால், எந்தத் தெரிவும் கொடுக்காமலேயே கம்பைல் ஆகிவிடும். நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்துவருகிறேன்.

மறுமொழி 4

அன்பு கூர்ந்து அதைச் செய்யாதீர்கள். நானும் அப்படிச் செய்துவந்தவன் என்பதால்தான் சொல்கிறேன்.

பிஎன்ஜி படங்களைக் கையாளும் லிப்பிஎன்ஜி லைப்ரரியின் 1.2 பதிப்பு இருந்த காலத்தில், இதே போன்ற ஒரு அவசரத்தில் பிஎன்ஜி.எச், பிஎன்ஜிகான்ஃப்.எச் ஆகிய இரண்டு கோப்புகளை /யுஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட் கோப்புறைக்குப் பிரதி எடுத்து வைத்தேன். வேலை நடந்தது; நானும் மறந்துவிட்டேன். 2017 இல் வந்த டெபியன் 9 க்கு அந்தக் கணினியை மேம்படுத்தியபோது லைப்ரரி 1.6 ஆகிவிட்டது. அதன்பின் என் நிரல் எந்தப் பிழையும் இல்லாமல் கம்பைல் ஆனது, இணைந்தது. ஆனால் ஓடவிட்டால் படத்தைத் திறக்கும் இடத்தில், நிரலில் உள்ள லிப்பிஎன்ஜி பதிப்பும் லைப்ரரியில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லி நின்றது. டெவ் பேக்கேஜை மூன்று முறை நீக்கி மீண்டும் நிறுவினேன். பயனில்லை. மேலே சொன்ன தேடல் வரிசையை நினைத்துப் பாருங்கள்: /யுஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட் முன்னால் வருகிறது. ஏப்ட் புதிய ஹெட்டரை /யுஎஸ்ஆர்/இன்க்ளூட் கோப்புறையில் வைத்துக்கொண்டே இருக்க, கம்பைலர் அதற்கு முன்பே என் பழைய பிரதியை எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் கையால் வைத்த கோப்பு என்பதால் ஏப்டுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது, நீக்கவும் நீக்காது.

லிப்பிஎன்ஜி நல்ல லைப்ரரி. தொடங்கும்போதே பதிப்பு எண்ணைச் சரிபார்த்து நிறுத்திவிட்டது. அப்படிச் சரிபார்க்காத லைப்ரரியாக இருந்திருந்தால், பழைய ஹெட்டரில் ஒரு ஸ்ட்ரக்சரின் அளவு ஒன்றும் புதிய லைப்ரரியில் வேறொன்றுமாக இருக்க, நினைவகத்தின் தவறான இடத்தில் எழுதிவிட்டு, சம்பந்தமே இல்லாத வேறெங்கோ நிரல் விழுந்திருக்கும். ஹெட்டர் தேடும் இடங்களைக் கூட்டும் சிபாத் என்ற சூழல் மாறியை, முனையம் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் நிரந்தரமாக எழுதி வைப்பதும் ஏறத்தாழ இதே வகைத் தவறுதான். இன்றைய வேலைக்கு எழுதியது அடுத்த ஆண்டின் வேறொரு வேலையையும் தொடரும். எந்தக் கோப்பு உண்மையில் எடுக்கப்படுகிறது என்று சந்தேகம் வந்தால், கம்பைலருக்குப் பெரிய எச் தெரிவைக் கொடுங்கள். திறக்கும் ஒவ்வொரு ஹெட்டரின் முழு முகவரியையும் அச்சிடும். எனக்கு அன்று அது தெரிந்திருந்தால் இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

கேட்டவர்

மறுமொழி 2 இல் சொன்னபடி செய்தேன். ஹெட்டர் பிழைகள் முற்றிலும் நின்றுவிட்டன. ஹார்ஃப்பஸுக்கு மட்டும் சி-ஃப்ளாக்ஸ் கேட்டபோதே விடையில் ஃப்ரீடைப்2 கோப்புறையும் சேர்ந்து வந்ததால், ஃப்ரீடைப்பைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை என்று எண்ணி, சி-ஃப்ளாக்ஸ், லிப்ஸ் இரண்டையும் ஹார்ஃப்பஸ் பெயரில் மட்டுமே வாங்கினேன். இப்போது கம்பைல் ஆகிறது. ஆனால் இணைக்கும்போது எஃப்டி_இனிட்_ஃப்ரீடைப் என்ற பெயருக்கு வரையறை இல்லை என்றும், அதன் கீழே 'டிஎஸ்ஓ மிஸ்ஸிங் ஃப்ரம் கமாண்ட் லைன்' என்றும் வருகிறது. இதுவும் தேடல் பாதைச் சிக்கலா?

மறுமொழி 2 எழுதியவர்

இல்லை. இது லிங்கரின் புகார். (டிஎஸ்ஓ என்று அது சொல்வது எஸ்ஓ கோப்பைத்தான்.) கம்பைலர் தன் வேலையை முடித்து ஒதுங்கிவிட்டது. ஹெட்டர் இருக்கும் இடத்தைச் சொல்வது பெரிய ஐ. லைப்ரரி இருக்கும் இடத்தைச் சொல்வது பெரிய எல். எந்த லைப்ரரி என்று சொல்வது சிறிய எல். பின்னிரண்டும் ஹெட்டர் தேடலில் எந்தப் பங்கும் வகிப்பதில்லை. உங்கள் முதல் கேள்வியில் சிறிய எல் சரியாகவே இருந்தும் அது உதவாமல் போனது அதனால்தான்.

இப்போதைய சிக்கல் ஒரு நுணுக்கத்தில் இருக்கிறது. ஹார்ஃப்பஸின் பிசி கோப்பு ஃப்ரீடைப்பைத் தன் அந்தரங்கத் தேவையாகக் குறித்திருக்கிறது. அந்தரங்கத் தேவைகளின் ஹெட்டர் பாதைகளை பிகேஜி-கான்ஃபிக் கொடுக்கும். ஏனெனில் ஹார்ஃப்பஸின் எச்பி-எஃப்டி.எச் என்ற ஹெட்டர் எஃப்டி2பில்ட்.எச் கோப்பைத் தானே இன்க்ளூட் செய்கிறது. ஆனால் லிப்ஸ் கேட்டால் ஹார்ஃப்பஸை மட்டுமே கொடுக்கும். தன் எஸ்ஓ கோப்பு ஃப்ரீடைப்பைத் தானே அழைத்துக்கொள்ளும் என்பது அதன் கணக்கு. நீங்களோ ஃப்ரீடைப்பின் ஃபங்ஷன்களை உங்கள் நிரலிலிருந்தும் நேரடியாக அழைக்கிறீர்கள். லிங்கருக்கு அந்தப் பெயர் லிப்ஃப்ரீடைப்.எஸ்ஓ.6 இல் இருக்கிறது என்று தெரியும். ஆனால் நீங்கள் கட்டளையில் பெயர் சொல்லிக் கேட்காததால் இணைக்க மறுக்கிறது. நேரடியாக அழைக்கும் ஒவ்வொரு லைப்ரரியையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பிகேஜி-கான்ஃபிக்கிடம் ஹார்ஃப்பஸ், ஃப்ரீடைப்2 என்று இரண்டு பெயர்களையும் ஒரே கட்டளையில் தரலாம். லிப்ஸ் விடையைக் கட்டளையில் உங்கள் சி கோப்பின் பெயருக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால், இதுவரை யாரும் கேட்காத லைப்ரரி என்று உபுண்டுவின் லிங்கர் அதைக் கைவிட்டுவிடும்.

மறுமொழி 5

கேட்டவருடைய கேள்வியோடு சேர்த்து ஒன்று கேட்கலாமா? நான் ஆப்பிள் சிலிக்கான் மேக்கில், பேக்கேஜுகளை நிறுவும் ஹோம்ப்ரூ கருவி வழியாக ஃப்ரீடைப் நிறுவியிருக்கிறேன். பிகேஜி-கான்ஃபிக்குடன் கம்பைல் ஆகிவிடுகிறது. ஆனால் விஎஸ் கோட் எடிட்டரில் அந்த இன்க்ளூட் வரியின் கீழ் சிவப்புக் கோடு போகவே மாட்டேன் என்கிறது.

மறுமொழி 4 எழுதியவர்

கம்பைல் ஆகிறது என்றால் உங்கள் நிரலில் குறையில்லை. சிவப்புக் கோடு போடுவது எடிட்டர். அது உங்கள் கம்பைல் கட்டளையைப் பார்ப்பதில்லை, தனக்கென்று ஒரு தேடல் பட்டியல் வைத்திருக்கிறது. சி/சி++ நீட்சியின் அமைப்புக் கோப்பில் இன்க்ளூட்பாத் என்ற இடத்தில் /ஆப்ட்/ஹோம்ப்ரூ/இன்க்ளூட்/ஃப்ரீடைப்2 என்பதைச் சேருங்கள். இன்டெல் மேக்குகளில் ஹோம்ப்ரூ /யுஎஸ்ஆர்/லோக்கல் கோப்புறைக்குள் இருக்கும் என்பதால், பழைய வழிகாட்டிகளில் உள்ள முகவரி உங்களுக்குப் பொருந்தாது.

கேட்டவர்

இரண்டு பெயர்களையும் சேர்த்துக் கேட்டு, லிப்ஸ் விடையைக் கடைசிக்கு நகர்த்தியதும் நிரல் இணைந்துவிட்டது. கம்பைல் கட்டளைகளை எழுதி வைக்கும் மேக்ஃபைலில் சி-ஃப்ளாக்ஸ் மாறிக்கு ஒரு வரியும், எல்டி-லிப்ஸ் மாறிக்கு ஒரு வரியுமாக பிகேஜி-கான்ஃபிக் அழைப்புகளை எழுதிவிட்டேன். எந்தக் கோப்புறையின் முகவரியும் இப்போது அதில் இல்லை. ஆய்வகத்தில் உள்ள ஃபெடோரா கணினி ஒன்றில் டெவெல் பேக்கேஜுகளை நிறுவி அதே மேக்ஃபைலை ஓட்டிப் பார்த்தேன். ஒரு வரியும் மாற்றாமல் கம்பைல் ஆனது.

மறுமொழி 4 ஐப் படித்த பிறகு என் கணினியின் /யுஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட் கோப்புறையைத் திறந்து பார்த்தேன். எனக்கு முன் அந்தக் கணினியைப் பயன்படுத்தியவர் வைத்துவிட்டுப் போன இரண்டு ஹெட்டர்கள் அங்கே இருந்தன. எதற்காக வைத்தார் என்று அவரிடம் கேட்டுவிட்டு நீக்கலாம் என்றிருக்கிறேன்.

முதலில் ஹார்ஃப்பஸ் இல்லாமல் வரைந்து பார்த்தபோது 'கோமதி' என்ற பெயரில் ககரம் தனியே நிற்க, கொம்பும் காலும் சேர்ந்து அதன் வலப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஹார்ஃப்பஸ் கொடுத்த வரிசையில் வரைந்ததும் கொம்பு ககரத்துக்கு முன்னால், தன் இடத்துக்கு வந்துவிட்டது. இனி, நீண்ட பெயர்கள் சான்றிதழின் கட்டத்தை மீறிப் போவதைத்தான் சரிசெய்ய வேண்டும். அதைத் தனிக் கேள்வியாகக் கேட்கிறேன்.